மேற்குச் சுவருக்கு மீன்பெட்டித் தெர்மாகோல்

ஒரு தென்மேற்குப் பருவமழை முழுவதையும் தாங்கிவிட்டது என்று உறுதியான பிறகுதான் இதை எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊரின் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில், அம்மா படுக்கும் அறையின் மேற்குச் சுவருக்கு வெளிப்புறமாக, மீன் ஏற்றிப் போகும் பழைய தெர்மாகோல் பெட்டிகளை அறுத்துப் பதித்து, அதன்மேல் சிமெண்ட் போர்டு அடித்திருக்கிறோம். கடும் வெயில் நாளில் மாலை ஆறரை மணிக்கு 38.4 டிகிரி காட்டிய உட்சுவர், அதே மாதிரி வெயில் நாளில் இப்போது 33.1 காட்டுகிறது. இரவு ஒன்பது மணிக்கு அறையின் காற்று 33-லிருந்து 31.6-க்கு இறங்கியிருக்கிறது. எண்ணாகப் பார்த்தால் சின்ன வித்தியாசம். ஆனால் சுவரையொட்டிக் கட்டில் போட முடிகிறது. முன்பு அதை அறையின் நடுவே இழுத்துப் போட்டுத்தான் அம்மா படுப்பார்கள்.

சுவர் 6 அங்குல ஹாலோ பிளாக், இரண்டு பக்கமும் பூச்சு. அகலம் 12 அடி, உயரம் 10 அடி, நடுவில் 3க்கு 4 ஜன்னல். ஜன்னல் போக 108 சதுர அடி. மொட்டைமாடிக்கு மேல் ஏற்கெனவே ஷீட் கூரை போட்டிருந்ததால் மேலிருந்து இறங்கும் சூடு குறைந்திருந்தது. பாக்கி இருந்தது மேற்கு. பக்கத்து விளையில் நின்ற பலாவும் தென்னைகளும் வெட்டுப்பட்ட பிறகு, மதியம் ஒன்றரை மணியிலிருந்து சூரியன் சாயும்வரை வெயில் நேரே அந்தச் சுவரில்தான். பிற்பகல் வெயில் சாய்வாக வருவதால் ஒன்றரை அடி சன்ஷேடு ஜன்னலின் மேல்பகுதிக்கு மட்டும்தான் நிழல் கொடுத்தது. நாலு மணிக்கு வெளிப்பூச்சின் மேல் 47 டிகிரி. அந்தச் சூடு சுவருக்குள் ஊறி மறுபக்கம் வந்துசேர்கிற நேரமும் விளக்கு வைத்துப் படுக்கப்போகிற நேரமும் ஒன்றாக இருக்கும்.

பிளாஸ்டிக் கழிவை வைத்தே செய்ய வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். எந்தக் கழிவு என்பதுதான் கேள்வி. அதற்காகச் சுவரிலேயே 3க்கு 3 அடியில் சோதனைக் கட்டங்கள் அமைத்தோம். எல்லாவற்றுக்கும் வெளியே ஒரே சிமெண்ட் போர்டு. உள்ளே மட்டும் வேறு வேறு சரக்கு. மாலை ஆறரைக்கு அறைக்குள் நின்று, ஒவ்வொரு கட்டத்துக்கும் நேர் பின்னால் உட்சுவரை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்தேன். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கும் துப்பாக்கி மாதிரியான கருவி அது. சுவரிலிருந்து எப்போதும் ஒரே தூரத்தில் பிடிக்க வேண்டும். பளபளப்பான பரப்பில் தவறாகக் காட்டும். மங்கலான பெயிண்ட் அடித்த சுவரில் நம்பலாம்.

ஒன்றும் மூடாத சுவர் 38.4. போர்டு மட்டும், பின்னால் வெறும் இடைவெளி: 36.1. மூடி போட்ட காலி தண்ணீர் பாட்டில்கள் அடுக்கியது: 35.6. கழுவி உலர்த்திய சிப்ஸ் கவர், சோப்புத்தூள் கவர்களைச் சாக்கில் தளர்வாக அடைத்தது: 35.2. தெர்மாகோல் இரண்டு அங்குலம்: 34.0. கட்டம் சின்னதாக இருந்ததால் சுற்றியுள்ள சூடான சுவரிலிருந்து பக்கவாட்டில் சூடு வந்து கலக்கும். அதனால் இந்த எண்களின் வரிசையை நம்பலாம், அளவை அப்படியே நம்ப வேண்டாம்.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இரண்டாவது எண். உள்ளே ஒன்றுமே வைக்காமல், வெயிலுக்கு மறைப்பாக ஒரு போர்டும் அதன் பின்னால் காற்று ஓட வழியும் விட்டாலே கணிசமான பலன் கிடைத்துவிடுகிறது. பணம் குறைவாக இருப்பவர்கள் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பாட்டில்கள் எதிர்பார்த்த அளவு உதவவில்லை. உருண்டை பாட்டில்களுக்கு இடையே சந்து இருக்கிறது. அதில் காற்று சுற்றிக்கொண்டே சூட்டைக் கடத்துகிறது. பாட்டிலுக்குள் கவர்களைக் குச்சியால் குத்தி அடைத்து ‘ஈகோ பிரிக்’ செய்கிறார்களே, ஒரு லிட்டர் பாட்டிலில் 330 கிராமாவது இருக்க வேண்டும் என்பார்கள். அது இருக்கை கட்டவும் திண்டு கட்டவும் நல்லது. சூட்டைத் தடுப்பது அசையாமல் அடைபட்ட காற்று. நெருக்கி அடைக்க அடைக்க அந்தக் காற்றுதான் வெளியேறுகிறது. கவர்ச் சாக்கு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கொஞ்ச நாளில் சரக்கு கீழே அமிழ்ந்து, கட்டத்தின் மேல்பகுதி காலியாகிவிட்டது. அத்துடன் ஒரு முழுச் சுவருக்கு அத்தனை கவரையும் கழுவிக் காயவைப்பது ஒரு வீட்டால் ஆகிற வேலையில்லை.

தெர்மாகோலில் சுமார் 98 சதவீதம் காற்றுதான். 2 அங்குலத் தெர்மாகோல் சூட்டைத் தடுக்கிற அளவுக்குத் தடுக்கச் செங்கல் சுவர் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தடிமன் வேண்டும். நம் கடற்கரையில் இதற்குப் பஞ்சமும் இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் தட்டும் கப்பும் தடை. மீன்பெட்டி அந்தப் பட்டியலில் இல்லை. ஐஸ் உருகாமல் மீன் வெளியூர் போக அது வேண்டும். பெட்டி உடைந்தால்தான் சிக்கல். பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடையில் எடுக்க மாட்டார்கள். எடை இல்லாத சரக்கு; வண்டி நிறைய ஏற்றினாலும் சில கிலோதான் தேறும். அதனால் எரிக்கிறார்கள், அல்லது ஓடையில் போகிறது, கடலில் போகிறது. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஒரு மீன் வியாபாரியிடம் கேட்டபோது, “எடுத்துட்டுப் போங்க தம்பி, இல்லேன்னா காத்துக்குக் கடல்லதான் போய்க் கிடக்கும்” என்று ஒரு குவியலையே காட்டினார். குளச்சலிலும் கேட்டு வாங்கினோம். லோடு ஆட்டோவில் வலை போட்டு இறுக்கிக் கட்டித்தான் கொண்டுவர வேண்டும். காற்றில் ஒரு மூடி பறந்தாலும் பின்னால் பைக்கில் வருபவருக்கு ஆபத்து.

எங்களுக்குக் கிடைத்த பெட்டிகளின் பக்கங்கள் சுமார் 25 மி.மீ. தடிமன். ஒரு பெட்டியில் மூடி, அடி, நான்கு பக்கம் எல்லாம் சேர்த்து, உடைசலும் ஓரமும் கழித்தால் முக்கால் சதுர மீட்டருக்குச் சற்று மேலே தேறுகிறது. இரண்டு அடுக்குக்கு முப்பது பெட்டி வரை ஆனது. அத்தனையும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு கிலோதான் இருக்கும்.

பெட்டியைப் பொறுக்கும்போது பெருவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மணி மணியாக உதிர்ந்தால் அது வெயிலில் கிடந்து நைந்தது, வேண்டாம். மஞ்சள் பூத்திருந்தாலும் அப்படித்தான். உள்பக்கம் மீன்ரத்தமும் செதிலும் ஒட்டியிருக்கும். தண்ணீர் வடியும் துளையைச் சுற்றி, மணிகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களில் செதில் இறுகிப்போய் உட்கார்ந்திருக்கும். வெறும் துணியால் துடைத்தால் வராது, பழைய பல்துலக்கும் பிரஷ் வேண்டும். முதலில் சோப்புத் தண்ணீர், அப்புறம் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் அரைமணி நேரம், பிறகு நல்ல தண்ணீர். மர நிழலில் நிறுத்தி வைத்து உலர்த்தினோம். காய்ந்த துண்டுகளை ஒரு டிரம்மில் போட்டு மூடி, மறுநாள் திறந்து முகர்ந்து பார்ப்போம். வாடை இருந்தால் திரும்பக் கழுவல். இந்த ஒரு வேலையில் அவசரம் கூடாது. சுவரில் ஏறிய பிறகு வாடை வந்தால் பூனையும் எலியும் விடாது.

அறுப்பதற்குக் கத்தியோ ரம்பமோ வைத்தால் வெள்ளை மணிகள் பறக்கும். இங்கே ஆடி மாதக் காற்றில் அவை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்குக் கீழே குளம்; அதில் மீன் குஞ்சு விட்டிருக்கிறார்கள். அதனால் சூட்டுக்கம்பி அறுப்பான் செய்தேன். மின்சாரம் ஓடினால் சூடேறும் நிக்ரோம் கம்பி 0.4 மி.மீ. தடிமனில் அரை மீட்டர், சிசிடிவி கேமராவுக்குப் போடும் 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர், ஒரு பிளைவுட் பலகை, இரண்டு மரக்குத்து. கம்பியின் ஒரு முனையில் சின்ன ஸ்பிரிங் கட்டாயம் வேண்டும். சூடானால் கம்பி நீளும். ஸ்பிரிங் இல்லாவிட்டால் தொய்ந்து, அறுப்பு வளைந்துவிடும். இந்த நீளத்துக்குச் சுமார் 2.7 ஆம்பியர் ஓடுகிறது. கம்பி சிவக்கக் கூடாது. சிவந்தால் தெர்மாகோல் உருகி அகலமாக வாய் பிளக்கும், புகையும் கூடும். சரியான சூட்டில் தள்ளாமலே துண்டு தன்னால் நகர்வது போலப் போகும், அறுபட்ட முகம் வழவழப்பாக இருக்கும், ஒரு மணிகூட உதிராது. புகை மெல்லியதாக வந்தாலும் நல்லதல்ல. திறந்த வெளியில், காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்படி உட்கார்ந்துதான் அறுத்தேன்.

முதலில் திட்டம் பூச்சு. தெர்மாகோலைச் சுவரில் ஒட்டி, கோழிவலை அடித்து, ஒன்றுக்கு நாலு சிமெண்ட்-மணல் கலவையில் 15 மி.மீ. பூசிவிடலாம் என்று நினைத்தோம். எங்கள் ஊர்க் கொத்தனார் வயதில் மூத்தவர், அனுபவசாலி. “மக்களே, இதுல பூச்சு பிடிக்கும், ஆனா நிக்காது” என்றார். சுவரின் ஒரு மூலையில் மட்டும் பூசிப் பார்த்தோம். பிடித்தது. நன்றாக நனைத்து ஆற விட்டோம். சில வாரத்தில் துண்டுகளின் சந்துகளுக்கு நேர் மேலே முடிபோல வெடிப்பு ஓடியது. கோடைமழை ஒன்று அடித்ததும் அந்த வெடிப்பு வழியே தண்ணீர் உள்ளே போய்விட்டது. பிரித்துப் பார்த்தால் தெர்மாகோல் பெரிதாகக் குடிக்கவில்லை. அதற்கும் சுவருக்கும் நடுவே தண்ணீர் தேங்கி நின்றது. காரணம் பிறகு புரிந்தது. சாதாரணமாகப் பூச்சு வாங்கும் சூட்டைச் சுவர் இழுத்துக்கொள்ளும். இங்கே பின்னால் தெர்மாகோல் இருப்பதால் அந்த மெல்லிய பூச்சு மட்டும் தனியாகச் சூடேறி, மழை பட்டதும் சட்டென்று ஆறுகிறது. வெடிக்காமல் என்ன செய்யும்? பூச்சுதான் வேண்டும் என்பவர்கள் இதற்கென்றே விற்கும் கண்ணாடியிழை வலையும் பாலிமர் கலந்த கலவையும் வாங்க வேண்டும். நம் மாவட்டத்தில் மேற்குச் சுவரில்தான் மழையும் சாய்ந்து அடிக்கும் என்பதால், தண்ணீர் உள்ளே வந்தாலும் வழிந்து வெளியே போய்விடுகிற அமைப்பே எனக்குச் சரியாகப் பட்டது. அதனால் போர்டுக்கு மாறினோம்.

போர்டைத் தாங்கும் சட்டத்துக்கு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சேனல் வாங்கவில்லை. இரும்பு தானே சூட்டைக் கடத்தும். தெர்மாகோல் வைத்துவிட்டு நடுவில் இரும்பால் பாலம் போட்டது போல ஆகிவிடும். இடித்த ஓட்டு வீட்டிலிருந்து பனை ரீப்பர்கள் 1,200 ரூபாய்க்குக் கிடைத்தன. 2க்கு 1 அங்குலம், வைரம் பாய்ந்த கறுப்புப் பனை. துளை போடாமல் ஸ்க்ரூ ஏறாது, முறிந்துவிடும். கறையான் வராமல் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினோம். இந்தப் பக்கம் முந்திரி ஆலைகள் இருப்பதால் அது எளிதாகக் கிடைக்கிறது. தோலில் பட்டால் பொள்ளும். கையுறை போட்டு, முழங்கை வரை தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் தொட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகே தெர்மாகோல் பக்கத்தில் வைத்தோம்.

ரீப்பரைச் செங்குத்தாக, 2 அங்குலப் பக்கம் வெளியே நீட்டும்படி நிறுத்தி, இரண்டடிக்கு ஒன்றாகச் சுவரில் அடித்தோம். ஹாலோ பிளாக்கில் இதுதான் மெனக்கெட்ட வேலை. துளை பிளாக்கின் பொந்தில் விழுந்தால், ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளக் பிடிக்காது, சுற்றிக்கொண்டே இருக்கும். சுத்தியலால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டு, கெட்டியான இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு துளை போட்டோம். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததில் சுவரே நடுவில் கால் அங்குலம் வெளியே தள்ளியிருந்தது. அங்கே ரீப்பரை இழைத்துச் சரிசெய்ய வேண்டி வந்தது.

ரீப்பர்களுக்கு நடுவே முதல் அடுக்கு 25 மி.மீ., அதன்மேல் இரண்டாவது அடுக்கு. கீழ் அடுக்கின் சந்து மேல் அடுக்கின் துண்டுக்கு நடுவில் வரும்படி மாற்றி மாற்றி வைத்தோம். ஒட்டுவதற்கு டைல் ஒட்டும் பசைக்கலவை. ரப்பர் சொல்யூஷன் மாதிரிப் பசைகள் ஆகவே ஆகாது, தெர்மாகோலைக் கரைத்துவிடும். பெட்ரோலும் தின்னரும் அப்படித்தான். துண்டுகளைப் பிடித்து நிறுத்தப் பழைய பெயிண்ட் வாளி மூடிகளை வட்டமாக வெட்டி வாஷராகப் போட்டோம். ஓரச் சந்துகளுக்கு, டப்பாவிலிருந்து பீச்சினால் பொங்கி இறுகும் ஃபோம்.

அதன்மேல் இன்னொரு ரீப்பரைப் படுக்கவைத்து, அதே செங்குத்துக் கோட்டில். இதனால் தெர்மாகோலுக்கும் போர்டுக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி கிடைக்கிறது. கீழே காற்று நுழைந்து மேலே வெளியேறும். கீழ்த் திறப்பில் எலி நுழையாமல் கம்பி வலை அடித்தோம். பிறகு 8 மி.மீ. சிமெண்ட் ஃபைபர் போர்டு, எட்டுக்கு நாலில் நான்கு. போர்டுகள் சேரும் இடத்தில் 3 மி.மீ. சந்து விட்டு சீலண்ட். ஸ்க்ரூ எல்லாம் 304 ஸ்டெயின்லெஸ். கடற்காற்றில் ஜிஐ ஸ்க்ரூ துருப்பிடித்து வழிவதை எங்கள் ஷீட் கூரையிலேயே பார்த்திருக்கிறோம். அறுத்த ஓரங்களுக்கு பிரைமர், மேலே வெளிர் நிற எக்ஸ்டீரியர் பெயிண்ட்.

தீ பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு துண்டை முற்றத்தில் கொளுத்திப் பார்த்தேன். முதலில் சுருங்கி விலகியது; பிறகு பற்றியதும் கரும்புகையோடு உருகிச் சொட்டியது, சொட்டும் எரிந்துகொண்டே விழுந்தது. தெர்மாகோல் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகும். 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு எரிந்து 72 பேர் இறந்தார்கள். அங்கே வெளிச்சுவரில் பதித்த பலகைகளுக்குள் பாலிஎத்திலீன் இருந்தது; பலகைக்குப் பின்னால் இருந்த இடைவெளி தீ மேலே ஏற வழியானது. எங்கள் சுவரிலும் அதே மாதிரி இடைவெளி இருக்கிறது. ஒரே தளம், பத்தடி உயரம் என்பதால்தான் துணிந்தேன். மாடி வீட்டில் இதை நான் செய்ய மாட்டேன். ஜன்னலைச் சுற்றி நான்கு பக்கமும் சிமெண்ட் போர்டுத் துண்டுகளால் இடைவெளியை அடைத்திருக்கிறோம். செங்குத்து ரீப்பர்கள் இடைவெளியைத் தனித்தனிப் பத்திகளாகப் பிரிக்கின்றன. அந்தச் சுவரில் வயர் இல்லை, ஏசியின் வெளி யூனிட் இல்லை, எக்ஸாஸ்ட் இல்லை. பக்கத்து வீட்டு மாமா சருகு கூட்டி எரிக்கும் இடம் சுவரிலிருந்து நாலடி தூரத்தில் இருந்தது. போய்ச் சொன்னேன், மறுநாளே விளையின் அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். அடுக்களைச் சுவருக்கும் செய்யலாமா என்று வீட்டில் கேட்டார்கள். கேஸ் அடுப்புக்குப் பின்னால் தெர்மாகோல் எந்தக் காலத்திலும் கூடாது. அறைக்கு உட்பக்கமாக ஒட்டுவதும் அப்படித்தான்.

செலவு: லோடு ஆட்டோ 1,100, சோப்பு, பிளீச்சிங் 150, அறுப்பான் 480, ரீப்பர் 1,200, முந்திரிக்கொட்டை எண்ணெய் 300, போர்டு 5,400, ஸ்க்ரூவும் பிளக்கும் 1,150, பசை 500, ஃபோம் 900, எலி வலை 350, பெயிண்ட், சீலண்ட் 1,400, ஆசாரிக்கும் கையாளுக்கும் கூலி 4,600. ஆக 17,530 ரூபாய். சதுர அடிக்குச் சுமார் 162. புதுத் தெர்மாகோல் 2 அங்குலம் சதுர அடி 28 ரூபாய் என்று கடையில் சொன்னார்கள். அப்படியே வாங்கியிருந்தால் 3,024. ஆட்டோ, கழுவல், அறுப்பான் எல்லாம் கூட்டினால் பழைய பெட்டிக்கே 1,730 ஆகிவிட்டது. என் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் மிச்சம் 1,300-க்குள்தான். பணம் மிச்சமாகும் என்று நினைத்து யாரும் இதில் இறங்க வேண்டாம். முப்பது பெட்டிகள் கடலுக்குப் போகாமல் நின்றன. எனக்கு அது போதும்.

மழை ஓய்ந்ததும் கீழ் போர்டு ஒன்றைக் கழற்றிப் பார்த்தோம். தெர்மாகோல் உலர்ந்திருந்தது, ரீப்பரில் பூஞ்சை இல்லை. தெற்கு மூலையில் மட்டும், எலி வலை ஒரு விரல் அகலம் விலகியிருந்த இடத்தில், எறும்பு ஏறிக் கூடு கட்டியிருந்தது. தெர்மாகோலில் விரல் நீளத்துக்கு வளைந்து வளைந்து குடைந்து, வெள்ளைப் பொடியைக் கீழே கொட்டி வைத்திருந்தது. அந்தத் துண்டை மாற்றி, சுற்றிலும் போரிக் பவுடர் தூவி, வலையை மடித்து ரீப்பருக்கு அடியில் செருகி அடித்தோம். திரும்பச் செய்தால் அடி வரிசைத் துண்டுகளுக்கு ஒட்டுவதற்கு முன்பே போரிக் பவுடர் தடவிவிடுவேன். எலி வலையையும் முதல் ரீப்பரோடு சேர்த்தே மாட்டுவேன்; கடைசியில் மாட்டினால் கை போகாது.

இன்னொரு குறை ஜன்னல் ஓரம். நிலையைச் சுற்றியுள்ள சுவரின் தடிமன் பகுதியில் ஒன்றும் ஒட்டவில்லை. அங்கே மாலையில் இன்னும் 36.8 காட்டுகிறது. சுவர் முழுக்க மறைத்த பிறகு சூடு அந்தச் சந்து வழியேதான் அறைக்குள் வருகிறது. 25 மி.மீ. வைத்தால் ஜன்னல் கதவு முழுதாகத் திறக்காது. மீன்பெட்டி மூடியை 10 மி.மீ. தடிமனுக்குக் கம்பியில் சீவி வைத்திருக்கிறேன். அதைப் பதித்துப் போர்டுத் துண்டால் மூடும் வேலை பாக்கி. ஆசாரி தை பிறந்ததும் வருகிறேன் என்றிருக்கிறார்.